டயல் டோன் இல்லாத கம்பி

நேயர்களுக்கு வணக்கம்.

"போன் வேண்டாம், இன்டர்நெட் மட்டும் போதும்" என்று போய்க் கேட்டால், "முதலில் லேண்ட்லைன் எடுங்கள், அப்புறம் பிராட்பேண்ட் பார்க்கலாம்" என்று சிலருக்குப் பதில் வருகிறது. வீட்டில் ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது, யாரும் எடுத்துப் பேசாத போனுக்கு மாதா மாதம் எதற்கு வாடகை? தொலைபேசிக் கம்பிகளோடு மல்லுக்கட்டிய ஆள் என்பதால் இதற்குப் பதில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பழைய தொலைபேசி இணைப்பு என்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு செம்புக் கம்பிகள்தான். நம் குரலுக்கு அதில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் இருந்தால் போதும். அதற்கு மேலே உள்ள இடம் சும்மா கிடந்தது. போன் கம்பியிலேயே இன்டர்நெட் தருகிற டி.எஸ்.எல். முறை குடியேறியது அங்கேதான். அதில் ஒரு வகையான ஏ.டி.எஸ்.எல். சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. போனோடு மாட்டுகிற சின்ன ஸ்ப்ளிட்டர் இரண்டையும் பிரித்துவிடுகிறது. எக்ஸ்சேஞ்சிலும் குரலுக்கு ஒரு கருவி, டேட்டாவுக்கு வேறொரு கருவி. குரல் காலி செய்துகொண்டு போனாலும் டேட்டா அதே கம்பியில் இருக்கலாம்.

அப்படியானால் ஏன் முடியாது என்கிறார்கள்? பெரும்பாலும் அது கணக்குப் புத்தகத்தின் சிக்கல். கம்பியைப் பராமரிக்கிற செலவு போன் வாடகையோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளரின் அடையாளமே போன் நம்பர்தான் என்று இருந்தது. போன் சேவையை நீக்கிவிட்டால் இரண்டும் ஆட்டம் காண்கின்றன. போன் இல்லாத டி.எஸ்.எல். மலிவாக இருக்கும் என்று நினைத்துப் போனவர்கள், கம்பிக்கென்று தனியாக ஒரு தொகையைப் பார்த்துத் திகைப்பதும் இதனால்தான்.

போன் இல்லாத இந்த இணைப்பை 'நேக்கட் டி.எஸ்.எல்.', அதாவது வெறும் டி.எஸ்.எல்., என்பார்கள். கம்பிக்கு 'டிரை லூப்' என்று பெயர். டிரை என்றால் காய்ந்தது. சாதாரண போன் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். அதிலிருந்து ஓடுகிற சிறு மின்னோட்டம் கம்பி இணைப்புகளில் களிம்பு ஏறாமல் காக்கிறது. போன் சேவையை நீக்கிவிட்டால் அந்த மின்சாரம் இல்லாமல் கம்பி காய்ந்துவிடும், அந்தக் காவலும் போய்விடும். அதனால் சில இடங்களில் இதற்கென்றே கொஞ்சம் மின்னோட்டம் தனியாகக் கொடுப்பார்கள்.

காய்ந்த கம்பிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. என் வீட்டிலேயே நடந்தது. ஒரு நாள் காலையில் இன்டர்நெட் செத்துப்போயிற்று. விசாரித்தால், முந்தின நாள் யாரோ ஒருவருக்குப் புது இணைப்பு கொடுக்க வந்த லைன்மேன், பெட்டியில் என் கம்பியில் சோதனை போனை மாட்டிக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறார். போனை எடுத்ததும் கேட்கிற ரீங்காரம், அந்த டயல் டோன், இல்லை. சரி, காலி ஜோடி என்று எடுத்து அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்! அவரை முழுசாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த வேலையில் நானும் அப்படித்தான் பழகியிருந்தேன். புகார் கொடுக்கப் போனால், "உங்கள் போன் நம்பர் என்ன?" என்றார்கள். இல்லாத நம்பரை எங்கே போய்ச் சொல்வது? அதனால், இணைப்பு கொடுக்கும்போதே லைனுக்கென்று அவர்கள் வைத்திருக்கிற அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி ரூட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே போனும் பிராட்பேண்டும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுப் போனை மட்டும் ரத்து செய்யாதீர்கள். பிராட்பேண்ட் அந்தக் கணக்கின் மேல் உட்கார்ந்திருந்தால், அதுவும் சேர்ந்தே போய்விடும். "ரத்து" என்று சொல்லாமல், "டேட்டா மட்டும் உள்ள இணைப்பாக மாற்றுங்கள்" என்று கேளுங்கள். பழைய நம்பர் வேண்டுமென்றால், வேறு சேவைக்கு மாற்றி முடிகிற வரை கணக்கு உயிரோடு இருக்க வேண்டும்.

ஃபைபரோ கேபிளோ வருகிற வீடுகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. கண்ணாடி இழையில் வருவது ஒளி. செம்புக் கம்பிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கேயும் போனைச் சேர்த்துத்தான் தருவோம் என்றால் அது முழுக்க வியாபாரம்.

கடைசியாக ஒன்று. பழைய போன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடியது. வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ரூட்டர் அப்படியில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில், செல்போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காவிட்டால், போனைத் துண்டிப்பதற்கு முன், கரண்ட் போனாலும் இன்டர்நெட் வழியாகப் பேச ரூட்டருக்கு ஒரு பேட்டரி வாங்கி வையுங்கள். வணக்கம்.