மைக்கை அணைத்தது யார்?

நடுவர் அவர்களே, ராயபுரத்து மக்களே, வணக்கம்.

வீடியோ கேமில் பெண்கள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் ஆர்வமின்மையா, சமூகத்தின் பார்வையா? இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் கேட்டார்: "எல்லார் கையிலும் போன் இருக்கு, கேமும் இலவசம். பெண்களை யார் தடுத்தது?"

சொல்கிறேன், அண்ணே. நான் தண்டையார்பேட்டைக்காரி. நானும் என் தம்பியும் ஒரே போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடி வளர்ந்தவர்கள். அவன் ஆடினால் அம்மா, "கண்ணு கெட்டுப்போகும்டா" என்பார். நான் ஆடினால், "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்பார். என் கண்ணைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசியதில்லை.

அப்புறம் ஒருநாள் ஸ்குவாடில், அதாவது ஆன்லைனில் சேர்ந்து ஆடும் அணியில், மைக்கை ஆன் செய்து, "எனக்கு மெட்கிட் வேணும்" என்றேன். கேமில் காயத்தை ஆற்றும் மருந்துப் பெட்டி அது. அவ்வளவுதான். "டேய், பொண்ணுடா!" ஒருத்தன் நம்பர் கேட்டான். இன்னொருத்தன், "போய் சமையல் பண்ணு" என்றான். தோற்றபோது பழி என் மேல் விழுந்தது. ஜெயித்தபோது, "போனை உங்க அண்ணன்கிட்ட கொடுத்துட்டியா?" என்றார்கள். அன்றைக்கு மைக்கை அணைத்தேன், பெயரையும் ஆண் பெயராக மாற்றினேன். இன்றைக்கும் என்னோடு ஆடுகிறவர்களுக்கு நான் ஒரு பையன். அண்ணன் போடும் கணக்கில் என்னை எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார்?

இது என் ஒருத்தி கதை இல்லை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஹாலோ 3 என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், பதிவு செய்த ஆண் குரலையும் பெண் குரலையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டார்கள். இரண்டும் பேசியது அதே சாதாரண வார்த்தைகள்தான். ஆண் குரலுக்கு வந்ததைப்போல் மூன்று மடங்கு மோசமான பதில்கள் பெண் குரலுக்கு வந்தன.

சரி, திறமையைக் காட்டினால் வாயடைத்துவிடுவார்களா? தென்கொரியாவில் கெகுரி என்ற பெண். ஓவர்வாட்ச் விளையாட்டில் அவள் குறி தப்பாது. 2016இல் அதையே குற்றமாக்கி, ஏமாற்று மென்பொருள் வைத்திருக்கிறாள் என்றார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து, மவுஸ் பிடித்த கையை நேரலையில் காட்டி ஆட வேண்டியதாயிற்று அந்தப் பிள்ளைக்கு. நன்றாக ஆடும் பையனிடம் யாராவது கையைக் காட்டச் சொன்னதுண்டா? 2018இல் அவள் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக் என்ற தொழில்முறைப் போட்டியில் ஆடிய முதல் பெண் ஆனாள்.

நம்ம ஏரியாவையே பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் கேரம் போர்டைச் சுற்றி நிற்பது பசங்கள்தான். ஆனால் நம்ம வியாசர்பாடியிலிருந்து போன இளவழகி 2008இல் பிரான்ஸில் கேரம் உலக சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம். போர்டுக்கு முன்னால் உட்கார இடம் கிடைத்த பெண்கள் இவர்கள்.

என் அத்தை பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. போன வாரம் பார்த்தேன், அபாரமாக ஆடுகிறாள், ஆனால் மைக் ஆஃப். "யாருடி சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "நீதானேக்கா" என்றாள். அவளுக்கு ஆர்வம் இல்லை என்று மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், நடுவர் அவர்களே.