யார் சொன்னது?

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்தில் செய்தித்தாள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காலைக் கூட்டம்தான். ஒரு மாணவர் மைக் முன்னால் நின்று தலைப்புச் செய்திகளை மூச்சுவிடாமல் வாசிப்பார். வாசிக்கிறவருக்கு நல்ல பயிற்சிதான். வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கு? பேப்பர் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும். மடிக்கவும் கோடு போடவும் கத்தரிக்கவும் அவர்களை விட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன்.

எத்தனை பிரதி வேண்டும்? பெரிய அளவு நாளிதழில் ஒரு முழுத்தாள் என்பது 4 பக்கம். 16 பக்க இதழில் 4 தாள். 40 பேர் கொண்ட வகுப்பை நாலு நாலு பேராகப் பிரித்தால் 10 குழு. 3 பிரதி இருந்தால் 12 தாள் கிடைக்கும், போதும். ஆனால் வெளித்தாளில் இருப்பவை 1, 2, 15, 16 ஆகிய பக்கங்கள். முதல் பக்கச் செய்தி ‘தொடர்ச்சி 6ஆம் பக்கம்’ என்று நின்றால், அந்த ஆறாம் பக்கம் வேறொரு குழுவிடம் இருக்கும். பாதி வகுப்பு எழுந்து நடமாட ஆரம்பித்துவிடும். ஆகவே ஒரே தாளில் முழுமையாக முடிகிற செய்திகளை ஆசிரியர் முன்கூட்டியே பென்சிலால் வட்டமிட்டுத் தர வேண்டும்.

இன்றைய பேப்பர்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு வாரத்துக்கு முந்தையதே நல்லது. ஆசிரியர் அதை நிதானமாகப் படித்து, கோரமான படமோ தற்கொலைச் செய்தியோ இருக்கிற தாளை எடுத்து வைத்துவிடலாம். அந்தச் செய்தி பிறகு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்திருக்கும். அது எதற்கு உதவும் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சிக்கு மூன்று வண்ணப் பென்சில் போதும். நிருபரே நேரில் பார்த்து எழுதக்கூடியது பச்சை. பெயரோ பதவியோ உள்ள ஒருவர் சொன்னது நீலம். யார் சொன்னது என்றே தெரியாதது சிவப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

இப்படி ஒரு செய்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ஆற்றுப் பாலத்தில் விரிசல் ஏற்பட்டுள்ளது. உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்று பொறியாளர் கூறினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரிகளே விரிசலுக்குக் காரணம் என்று கூறப்படுகிறது.’ முதல் வாக்கியம் பச்சை, இரண்டாவது நீலம். மூன்றாவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். லாரி என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே, அப்படியானால் உண்மைதானே என்று பச்சையை எடுப்பார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: யார் சொன்னது? விடையை நாம் சொல்லிவிடக் கூடாது. அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் போதும், கை தானாகச் சிவப்புக்குப் போகும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு, அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று வகுப்பு நடந்ததும், சிவப்புக் கோடு விழுந்ததெல்லாம் பொய் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். பொய் என்று பொருளில்லை. சொன்னவர் யாரென்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பெயர் சொல்ல அஞ்சுகிறவர் சொன்ன உண்மையாகவும் இருக்கலாம். நீலக் கோடு விழுந்த பொறியாளர் தவறாகவும் சொல்லியிருக்கலாம். பழைய பேப்பர் உதவுவது இங்கேதான். அடுத்த ஐந்தாறு நாள் இதழ்களையும் கொடுத்து, லாரி விஷயம் என்ன ஆயிற்று என்று தேடச் சொல்லுங்கள். சில நேரம் உறுதியாகியிருக்கும், சில நேரம் மறுப்பு வந்திருக்கும், பல நேரம் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. பேச்சே இல்லை என்பதையும் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும்.

இன்னொரு பயிற்சி. ஒரு செய்தியைப் பத்தி பத்தியாக வெட்டிக் கலைத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. செய்தியில் முக்கியமானது பெரும்பாலும் முதல் பத்தியிலேயே வந்துவிடும். இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்டலாம் என்பதற்காக அப்படி எழுதுகிறார்கள். ஆகவே கடைசி இரண்டு பத்திகள் இடம் மாறினால் அதைத் தவறென்று போடாதீர்கள். ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். கட்டுரைப் பக்கத்தையோ கதையையோ இந்தப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம், அவற்றின் கட்டுமானம் வேறு.

கணக்கு வகுப்புக்கு நிறைய வைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக ஒன்று. ஒரு பக்கத்திலுள்ள விளம்பரங்களை ஸ்கேலால் அளந்து, நீளத்தை அகலத்தால் பெருக்கிக் கூட்டி, அது பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம். ஓரத்து வெள்ளை இடத்தைச் சேர்ப்பதா விடுவதா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் குழுவுக்கு ஒரு விடை வரும்.

கத்தரிக்கும் முன் இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் செய்தியின் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். வெட்டிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பின்பக்கச் செய்தி இன்னொருவருக்குத் தேவையா என்றும் திருப்பிப் பார்க்க வேண்டும். பசையை நாலு ஓரத்திலும் லேசாகத் தடவினால் போதும், நடுவில் தடவினால் தாள் சுருங்கிவிடும். ஒட்டிய நோட்டை வெயில் படாமல் வையுங்கள், வெயில் பட்டால் தாள் சீக்கிரம் பழுத்துவிடும். நன்றி, வணக்கம்.