அம்மாகிட்டருந்து பிடுங்கின வேலையெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன்

வணக்கம்ங்க. இன்னைக்கு சமையல் இல்ல, எங்க அம்மாவோட கால் பத்திப் பேசப்போறேன். பின்னாடி துணி மடிக்கிறாங்க பாருங்க, கேமரா முன்னாடி வரமாட்டேன்னுட்டாங்க.

அம்மாவுக்கு 72. தேனியில இருந்தவரைக்கும் விடிஞ்சதும் வாசல் தெளிச்சுக் கோலம் போடுவாங்க. குத்தவச்சு உக்காந்து, எந்திரிச்சு, நகர்ந்து, மறுபடி குத்தவச்சு. துணி காயப்போட மொட்டைமாடிக்கு 18 படி. அப்பா தவறினப்புறம் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தேன். "உழைச்சது போதும்மா, நீ உக்காரு"ன்னேன். பாசத்துலதான் சொன்னேன். இங்க லிஃப்ட் இருக்கு, வாஷிங் மெஷின் இருக்கு, வேலைக்கு ஒரு அக்கா வர்றாங்க. ஒண்ணரை வருஷத்துல, சோஃபாவுலருந்து எந்திரிக்க என் கையைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. வயசு அப்படின்னு நானும் விட்டுட்டேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சோதனை வச்சாங்க. கைப்பிடி இல்லாத நாற்காலி, ரெண்டு கையும் நெஞ்சுக்குக் குறுக்க. 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணணும். 70லருந்து 74 வயசுப் பெண்களுக்கு 10-க்குக் கீழ வந்தா சராசரிக்கும் கம்மி, விழுற அபாயம் இருக்குன்னு அர்த்தம். அம்மாவுக்கு 6 வந்துச்சு. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

தசை அவ்ளோ சீக்கிரம் போகுதுங்க. 2007-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, சராசரியா 67 வயசு ஆளுங்க, நோய்நொடி இல்லாதவங்க, அவங்களை 10 நாள் படுக்கையிலயே வச்சிருந்தாங்க. கால்ல மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ, கொழுப்பு இல்ல, சதை, கரைஞ்சிருந்துச்சு. 10 நாள்தான்!

இன்னொண்ணு, லைஃப்னு பேரு, 2014. 70லருந்து 89 வயசு, அதிகம் நடமாடாத 1,635 பேர். பாதிப் பேருக்கு நடையும் கால் பயிற்சியும், மத்தவங்களுக்கு ஆரோக்கிய வகுப்பு. சராசரியா ரெண்டரை வருஷத்துக்கு மேல கவனிச்சாங்க. 400 மீட்டர் நடக்க முடியாமப் போனவங்க வகுப்புக் குழுவுல 35.5 சதவீதம், பயிற்சிக் குழுவுல 30.1. வித்தியாசம் சின்னதுதானேன்னு தோணும். ஆனா எங்க தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ட்டு வர்ற தூரமே அவ்ளோதான். அதை நடக்க முடிஞ்சா அம்மா யாரையும் எதிர்பாக்க வேண்டாம்.

அதனால வேலையெல்லாம் திரும்ப அம்மா கைக்குப் போச்சு. எல்லா வேலையும் ஒண்ணு இல்லைங்க. நின்னு பாத்திரம் விளக்குறது தொடைக்குப் பெருசா பலம் தராது. உக்காந்து எந்திரிக்கணும், படி ஏறணும், கொஞ்சம் பாரம் தூக்கணும். அம்மாவுக்கு முட்டி தேய்மானம் இருக்கு, அதனால குத்தவைக்கச் சொல்லல. நாற்காலியிலருந்து காலையில 8, சாயங்காலம் 8. மாடிக்கு ஒரு தளம் படியில, கைப்பிடி பிடிச்சு. உங்க வீட்டுல நெஞ்சுவலி, தலைசுத்தல் இருக்கிறவங்கன்னா டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

நாலு மாசம் ஆச்சு. நேத்து எண்ணினோம், 9. பத்தாவதுக்குப் பாதி எந்திரிக்கும்போது நேரம் முடிஞ்சிருச்சு. "இன்னொரு தடவை வை"ன்னாங்க. நாளைக்கு வைக்கலாம்மான்னு சொல்லியிருக்கேன்.