பயணிகள் வருகையைக் கணிக்க எந்த எண்ணைப் பார்ப்பது?

வணக்கம். ஒரு நாட்டுக்கு அடுத்த ஆண்டு எத்தனை வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள் என்று கணிக்க முனைபவர்கள் பலரும் அந்த நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். பயணச் செலவு செய்யப்போகிறவர் வேறு நாட்டில் சம்பளம் வாங்குகிறார் என்பதால், கணக்கு அவருடைய நாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வருமானம் ஒரு சதவீதம் கூடினால் வெளிநாட்டுப் பயணத்துக்கான செலவு அதைவிட அதிகமாகவே கூடும் என்பது இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. இறங்கும்போதும் அதே வேகம்தான்: நிதி நெருக்கடியை அடுத்து 2009-இல் உலகெங்கும் சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கை ஏறக்குறைய 4 சதவீதம் சரிந்தது.

மக்கள் பயணம் போவார்களா என்பதை வருமானம் சொன்னால், எங்கே போவார்கள் என்பதை நாணய மாற்று விகிதம் சொல்லும். ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஒரு டாலருக்கு 160 யென் என்ற அளவுக்கு அதன் நாணயம் வீழ்ந்தது. அந்த ஆண்டு வந்த வெளிநாட்டவர் சுமார் 3 கோடியே 68 லட்சம் பேர், 2019-ஐவிட ஏறத்தாழ 50 லட்சம் அதிகம். அதே யென் வீழ்ச்சி ஜப்பானியர்களை வீட்டிலேயே உட்காரவைத்தது: 2019-இல் சுமார் 2 கோடிப் பேர் வெளிநாடு சென்றிருக்க, 2024-இல் சென்றவர்கள் 1 கோடியே 30 லட்சம் பேர்தான். ஆனால் ஜப்பானுக்கு மிக அதிகமானோரை அனுப்பும் நாடு தென்கொரியா. எனவே யென்னை டாலரோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிவுக்கு வருபவர் முக்கியமான எண்ணைத் தவறவிடுகிறார். அங்கே பார்க்க வேண்டியது தென்கொரிய நாணயமான வோனுக்கு எத்தனை யென் கிடைக்கிறது என்பதை.

விலைவாசியைச் சேர்க்காமல் மாற்று விகிதத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. துருக்கியில் 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. அந்நாட்டு நாணயமான லிரா மலிவாகும்போதே ஓட்டல் வாடகையும் ஏறிக்கொண்டிருந்தால், பயணியின் கையில் மிஞ்சும் லாபம் கரைந்துவிடும்.

இனி, இவற்றையெல்லாம் இணைத்துக் கணிப்புக்கான சமன்பாடு எழுதுவதைவிடப் பெரிய சிக்கல் காலம்தான். விமானச் சீட்டை மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுவதால், இன்றைய மாற்று விகிதத்தின் விளைவு பிந்தித்தான் தெரியும். மொத்த உள்நாட்டு உற்பத்தி விவரமோ தாமதமாக வந்து, பிறகு திருத்தவும்படுகிறது. அடுத்த ஆண்டுக்கு அதையே முதலில் கணித்தாக வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. ஆகவே நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு, விமான நிறுவனங்கள் அட்டவணையிட்டுள்ள இருக்கைகள், இணையத் தேடல் அளவு ஆகியவற்றுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

கோவிட் பரவிய 2020-இல் உலகப் பயணிகள் எண்ணிக்கை 70 சதவீதத்துக்கும் மேல் விழுந்ததற்கு எந்தப் பொருளாதாரக் குறியீட்டிலும் முன்னறிகுறி இல்லை. கோவிட் ஆண்டுகளைத் தனியாகக் குறியிடாமல் கணிப்பு மாதிரிக்குள் (கணிக்கும் சமன்பாட்டுக்குள்) கொட்டினால், எல்லைகள் மூடப்பட்டதன் பழியை அது வருமானத்தின் மீது போடும். இத்தனைக்கும் பிறகு, உங்கள் மாதிரியின் கணிப்பைச் சென்ற ஆண்டு அதே மாதத்து எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எளிய கணிப்பை வெல்ல முடியாத சிக்கலான மாதிரிகள் ஏராளம். அப்படிப்பட்டதை வைத்து யாருக்கும் ஓட்டல் கட்ட ஆலோசனை சொல்லாதீர்கள்.