கடிகாரத்தைக் கழற்றிய கையைத் தூக்குங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஊருக்கு ஊர் மனிதரின் தோல் நிறம் மாறுவதற்குப் பெரிதும் காரணம் அங்கே அடிக்கும் வெயிலா, வழிவழியாக வந்த பயணமா என்பது தலைப்பு. பயணமே என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய நண்பர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார். பட்டைக்கு அடியில் ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். "பத்து நாள் வெயில் போட்ட தடம் இது. இதை எந்தப் பாட்டன் போட்டான்?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது.

ஐயா, கழற்றிய கையை அப்படியே தூக்குங்கள். அக்குளுக்குச் சற்றுக் கீழே, மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். தோல் நிறத்தை அளக்கும் ஆய்வாளர்கள் கருவியை வைப்பது அங்கேதான். ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். ஏன் மணிக்கட்டில் வைப்பதில்லை? வைத்தால் அவர் போன வாரம் எங்கே நின்றார் என்பதுதான் தெரியும். எந்த நிறத்தோடு பிறந்தார் என்பது தெரியாது!

சரி, அந்தத் தடம் எத்தனை நாள் நிற்கும்? மேல்தோல் செல் அடியில் பிறந்து, மேலேறி, உதிர்ந்து போக ஏறக்குறைய நான்கு வாரம். வெயிலில் கூடுதலாகச் சேர்ந்த மெலனின் என்ற நிறமியும் அதோடு போய்விடும். உதிர்ந்து போவதைத் தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா? முப்பது வருடம் கடிகாரம் கட்டி வெயிலில் நின்றவருக்குப் பிறந்த பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். தடம் இருக்கிறதா?

பிள்ளைக்குப் போவது மரபணு. நிறமிச் செல்களின் எண்ணிக்கை உலகில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை கட்டி அனுப்பும் மெலனின் பொட்டலங்கள்தான் வேறு. கருத்த தோலில் அவை பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை. வெளுத்த தோலில் சிறியவை, கொத்துக்கொத்தாகக் கிடந்து சீக்கிரம் சிதைபவை.

இனி இங்கிலாந்துக்கு வாருங்கள். செடார் என்ற ஊரின் குகையில் 1903-இல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 10,000 ஆண்டுப் பழசு. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, எலும்புப் பொடி எடுத்து, மரபணுவைப் படித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. கண் வெளிர் நிறம். தோல்? கருமையாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள்! எங்கே? சூரியன் மேகத்துக்குள் ஒளிந்து கிடக்கும் இங்கிலாந்தில்! நண்பரின் வெயில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? அந்த எலும்புக்கூட்டு மனிதரின் கூட்டத்தார் ஐரோப்பாவில் பல ஆயிரம் ஆண்டு இருந்தும் கருமை போகவில்லையே. பிறகு எப்படி வெளுத்தது? சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய துருக்கிப் பக்கத்து உழவர்களின் வழிவந்தவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வெளுத்த தோலுக்கான மரபணு மாற்றத்தை விதையோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். வானம் அதே வானம். வந்த ஆட்கள் வேறு!

வெயிலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடும் புறஊதாக் கதிர் உடலிலுள்ள ஃபோலேட் என்ற வைட்டமினைச் சிதைக்கும். கருவில் வளரும் பிள்ளைக்கு அது தேவை. கதிர் குறைந்தால் வைட்டமின் டி குறையும், எலும்பு வளையும். தலைமுறை தலைமுறையாக இது அந்தந்த ஊருக்கு ஏற்ற நிறத்தைச் சலித்தெடுத்தது உண்மை. ஆனால் சல்லடை மாவு அரைக்காது, ஐயா. நிலநடுக்கோட்டில் காங்கோவும் உண்டு, அமேசானும் உண்டு. அமேசான் பழங்குடியினர் காங்கோ மக்கள் அளவுக்குக் கருப்பாக இல்லையே, ஏன்? அவர்களின் முன்னோர் சைபீரியாவின் குளிரைக் கடந்து, ஆசியாவையும் அமெரிக்காவையும் அன்று இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியே வந்தவர்கள்.

அந்த நடையை நினைத்துப் பாருங்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல், பனியில் கால் வைத்த ஒரு தாய். அவள் முகம் யாருக்கும் தெரியாது, பெயர் தெரியாது. நிறம் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்றைக்கு எங்கோ ஒரு சிறுமி கண்ணாடி முன் நின்று, யாரோ சொன்ன சொல் தாங்காமல், தன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பாள். தேய்க்காதே கண்ணே. அது உன் பாட்டிமார் நடந்து வந்த வழி. அந்தப் பாட்டிமாருக்காகக் கேட்கிறேன், நடுவர் அவர்களே: தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள்.