எப்போதும் வேலைக்காரி வேடம்தானா?

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இங்கே ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறாராம். "எனக்கு எப்போது பார்த்தாலும் வேலைக்காரி, கிழவி, சிரிப்பு வேடம்தான் கொடுக்கிறார்கள். கடைசியில் மனோரமா மாதிரிதான் ஆவாய் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவரும் கதாநாயகி வாய்ப்பு கிடைக்காததால்தானே காமெடிக்குப் போனார்?" இதுதான் கேள்வி. இப்படிப்பட்ட வேடங்களுக்கு எப்படிப் பயிற்சி செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

தங்கை, மனோரமா மாதிரி ஆவாய் என்று யாராவது சொன்னால் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்ப்பு கிடைக்கவில்லை என்பது சரியில்லை. சினிமாவுக்கு வருமுன்பே ஆச்சி (மனோரமாவை அப்படித்தானே எல்லோரும் கூப்பிடுவோம்) மேடையில் கதாநாயகி. பன்னிரண்டு வயதில் நாடகத்துக்கு வந்தவர். கோபிசாந்தா என்ற பெயர் மனோரமா ஆனதும் நாடகத்தில்தான். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடத்துக்குக் கூப்பிட்டபோது அவருக்கும் உங்களைப் போலவே தயக்கம். கதாநாயகியாக நடித்தால் சில வருடம்தான், இதில் கடைசிவரை நிற்கலாம் என்று கவிஞர் எடுத்துச் சொன்னதாக ஆச்சியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்புறம் 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். அதற்குப் பிறகும் அவர் பிடித்துக்கொண்டது சின்ன வேடங்களைத்தான். ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸில் பெயர் வந்தது அந்த வேடங்களால்தான்.

வேலைக்காரி வேடம் என்று சலித்துக்கொண்டீர்கள் இல்லையா, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர் அவர். அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளையைக் காப்பாற்றினார். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இவரும் வீட்டு வேலைக்குப் போனார். 'சம்சாரம் அது மின்சாரம்' 1986இல் வந்தது. அதில் வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் ஆச்சி, நடிகர் கிஷ்முவை எதிர்த்துப் பேசும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அந்த மனிதர் வாயைத் திறக்கும் போதெல்லாம் "கம்முனு கெட" என்று ஒரே அடி. ஒவ்வொரு தடவையும் குரல் வேறு, இழுவை வேறு. ஒரு முறை அதட்டல், ஒரு முறை அலட்சியம். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எதிரே நிற்பவரைப் பேச முடியாமல் செய்துவிடுகிறார். வசனம் கம்மியாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் அந்தக் காட்சியைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிப்படை மேடைதான் என்பது என் உறுதியான எண்ணம். மேடையில் ரீடேக் கிடையாது. அந்தக் கால நாடகத்தில் பாட்டு வந்தால் நடிக்கிறவரே பாட வேண்டும். அதனால்தான் சினிமாவிலும் ஆச்சியால் சொந்தக் குரலில் பாட முடிந்தது. 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்து 'வா வாத்யாரே ஊட்டாண்டே' அவர் குரல்தான். சென்னைத் தமிழை அவ்வளவு ஒட்டுதலாகப் பாடியவர் சென்னைக்காரரே இல்லை. 'சின்ன கவுண்டர்' ஆத்தாவாக வரும்போது பேச்சு கொங்குப் பக்கம் போய்விடும். காது அப்படிப்பட்ட காது.

அதே 1968இல்தான் 'தில்லானா மோகனாம்பாள்'. அதில் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. தான் வாழ்ந்த வாழ்க்கையையே திரையில் வாழ்ந்தார் என்று சொல்லலாம். சிவாஜி எதிரே நிற்கிறார். அவரிடம் நாயனத்தைப் பற்றி வெகுளியாக ஒரு சந்தேகம் கேட்பார் பாருங்கள், சிரிக்க வைக்க வேண்டும் என்ற முயற்சியே முகத்தில் தெரியாது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம். அதனால்தான் சிரிப்பு வருகிறது. நம் ஊர் மேடைகளில் நான் அடிக்கடி பார்த்து வருத்தப்படுவது இதைத்தான். காமெடி வேடம் என்றதும் கண்ணை உருட்டி, கத்தி, முகத்தைக் கோணலாக்குகிறார்கள். விஸ்மா துன் சம்பந்தனில் சோமா அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாலும் அந்தப் பொய் தெரிந்துவிடும்.

தேசிய விருது 1989இல் வந்த 'புதிய பாதை'க்கு, துணை நடிகையாக. பத்மஸ்ரீ 2002இல். 2015 அக்டோபரில் காலமாகும்வரை தமிழர்களுக்கு அவர் ஆச்சிதான். நாயகியாக வந்துபோன எத்தனை பேரை நாம் இப்படி உறவு சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம்?

எப்படிப் பயிற்சி செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அடுத்த நாடகத்தில் கிழவி வேடம் கொடுத்தால், வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கூன் போட்டுப் பழகாதீர்கள். பக்கத்துப் பசாருக்குக் காலையில் போய், காய்கறி பேரம் பேசும் பாட்டிமார் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒரு மாதிரி பேசுவார், இங்கேயே பிறந்து வளர்ந்தவர் வேறு மாதிரி பேசுவார். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் மலாய் கலக்கிறது என்று கவனியுங்கள். பாத்திரத்துக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போங்கள். நாடகம் எப்போது, எந்த மண்டபம் என்று எழுதுங்கள் தங்கை, நான் வந்து பார்க்கிறேன்.