"எதையும் தாங்குவாள்" என்பது பாராட்டுத்தானே?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அமெரிக்கக் கறுப்பினப் பெண்களை 'எதையும் தாங்குவாள்' என்று பெருமையாகத்தானே சொல்கிறார்கள்? நீங்கள் ஏன் அதைச் சுமை என்கிறீர்கள்? அதற்குத் தெரபி, அதாவது மனநல ஆலோசனை, எதற்கு?"

அம்மா, அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களுக்கு மயக்க மருந்தே இல்லாமல் பரிசோதனை அறுவை சிகிச்சைகள் செய்தார். அனார்ச்சா என்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் முப்பது முறை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடுகிறது. இவர்களுக்கு வலி குறைவு என்ற நினைப்பு அன்றோடு போய்விடவும் இல்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் கலந்துகொண்ட வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், 'கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன்' என்பது போன்ற ஏதாவதொரு பொய்யை நம்பினார்கள். தாங்குவாள், தாங்குவாள் என்று சொல்லியே அவளுடைய வலியை யாரும் கேட்காமல் விட்டார்கள்.

வீட்டிலும் அதே பாடம்தான். அழுதால் குடும்பம் நிலைகுலைந்துவிடும், எதிர்த்துப் பேசினால் 'கோபக்காரி' என்ற பட்டம் வரும். அதனால் அடக்கிக்கொள்ள அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அது அவர்களைக் காப்பாற்றவும் செய்தது, அதை நான் மறுக்கமாட்டேன். 2010இல் செரில் வுட்ஸ் கிஸ்கோம்பே என்ற செவிலியர்-ஆய்வாளர் இதற்கு 'சூப்பர்வுமன் ஸ்கீமா' என்று பெயர் வைத்தார்; எதையும் தாங்கும் வீரப்பெண்ணாகவே இருந்தாக வேண்டும் என்ற மனப்பதிவு என்று பொருள். குடும்பத்தைக் கட்டிக் காக்க இது உதவியது என்று அந்தப் பெண்களே அவரிடம் சொன்னார்கள். உறவுகளில் விரிசல் விழுந்ததையும், மன அழுத்தம் உடம்பில் இறங்கிவிட்டதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அப்புறம், தெரபியில் என்ன நடக்கும் என்றால், பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும்போதே தோள் இறுகுவதைக் கவனிப்பது. இந்த வாரம் ஒரே ஒரு வேலையை வேறொருவரிடம் விட்டுப் பார்ப்பது. உடனே குற்றவுணர்ச்சி வரும். ஓடிப்போய் அந்த வேலையை மறுபடி இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், அந்த உணர்ச்சி அடங்கும்வரை இருந்து பார்ப்பது. அம்மாவோ பாட்டியோ இறந்தபோது அழாமல் வைத்திருந்த அழுகையும் அங்கேதான் வெளியே வரும். எதிரே இருப்பவருக்கு இனவெறி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தால், அதுவே இன்னொரு வேலையாகிவிடும் இல்லையா? ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் என்ற உளவியலாளர் 2014இல் தொடங்கிய 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' என்ற இணையதளம் இதற்கு உதவுகிறது. தங்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகரை அதன் வழியாகத் தேடிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. மருத்துவமனையில் அவளை நம்பாமல் இருப்பதைத் தெரபி சரிசெய்யாது. அந்த வேலை மற்றவர்களுடையது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலத்தை முன்னிட்டுக் குழு இறுதிப் போட்டியின் நடுவில் விலகினார். எவ்வளவு ஏச்சு வாங்கினார்! 2024 பாரிஸில் அதே குழுப் போட்டியில் தங்கம் வென்றார். அன்று காலை ஏழு மணி போல தெரபியோடுதான் நாளைத் தொடங்கியதாக அவரே சொன்னார்.